மூக்குக் கயிறு

தான் உட்கார்ந்திருந்த பக்கத்தில் பிரேக் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். ஓட்டுநர் பள்ளியின் சின்னக் காரில்தான் சொல்லிக்கொடுப்பவளுக்கென்று காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. இது வீட்டுக் கார். ஆனாலும் நேற்றிலிருந்து அவள் கால் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டே இருந்தது. காவல் நிலையத்து மதிலோரம் வண்டி அணைந்துதான் நிற்கிறது, ஸ்டீயரிங் பக்கம் உட்கார்ந்திருந்த கணவர் வாய்தான் நிற்கவில்லை. காலை எடு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கால் கேட்கவில்லை.

— மறுபடியும் முதல்லேருந்து வருவோம். உள்ள அந்த அதிகாரி கேக்கறாரு. வண்டிய யாரும்மா ஓட்டினது?

— நீங்க.

— அக்கா, பின்னாடி உக்காந்து நீயே கேட்டுக்கோ. காலைலேருந்து இதே பதில். கல்லக்கூட நாலு தட்டு தட்டினா ஒரு சில்லு பேந்துடும்.

— கத்தாதடா தம்பி. ஜன்னல் திறந்து கிடக்கு. வாசல்ல நிக்கற போலீஸ்காரர் இந்தப் பக்கமே பாக்கறாரு.

— பாக்கட்டும். புருஷன் பொண்டாட்டி பேசக்கூடாதுன்னு சட்டம் இருக்கா?

— ஜன்னல ஏத்திட்டுப் பேசுங்க.

— நீ எனக்குப் பாடம் எடுக்காத வாத்தியாரம்மா. அதெல்லாம் உன் டிரைவிங் ஸ்கூல்ல வச்சுக்கோ. இங்க நான் கேக்கறது ஒரே வார்த்தை. யாரு ஓட்டினது? 'நான்.' அவ்வளவுதான் விஷயம். சொன்னா முடிஞ்சுது.

— முடியாதுங்க. எனக்கு அங்கதான் ஆரம்பிக்கும். அண்ணி, நீங்களே சொல்லுங்க. ஒரு மனுஷன் கால் ஒடைஞ்சு ஆஸ்பத்திரில கிடக்கறாரு. ஓட்டினது நான்தான்னு எழுதிக் குடுத்தா என் லைசென்ஸ வாங்கி வச்சுப்பாங்க. லைசென்ஸ் இல்லாதவளுக்கு டிரைவிங் ஸ்கூல்ல என்ன வேலை? சீட்ட தொடைக்கறதா?

— நான் பொதுவாச் சொல்றேம்மா, எனக்கென்ன. அவன் ஓட்டறது ஃபாக்டரி பஸ்ஸு. பஸ் நிறைய ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போறவன். அவன் பேர்ல கேஸுன்னா அன்னைக்கே சாவிய வாங்கிடுவாங்க. ஏற்கெனவே ஃபாக்டரி கேட்டுல இடிச்சதுக்கு எச்சரிச்சு வச்சிருக்காங்க.

— கேட்ட எவனோ பாதி திறந்து வச்சிருந்தான்.

— சரிடா, தப்பு கேட்டோடதுதான். இப்ப அதுவா பேச்சு?

— பேச்சு இதுதான் அக்கா. வீடு எதுல ஓடுது? என் வேலைல. இவ வேலை மேல்செலவுக்கு.

— படகு வாங்கினது அந்த மேல்செலவுலதான்.

— ஆரம்பிச்சுட்டா. சொல்லிக் காட்டாம ஒரு வாய்த் தண்ணி குடிக்க விடமாட்டா.

— இருடா. எனக்கு ஒண்ணு புரியல. நேத்து ஃபோன்ல நீ சொன்னதுல தலையும் இல்ல வாலும் இல்ல. காத்தடிக்கற படகுதானே அது? ரப்பர் படகு. காத்த இறக்கினா சுருட்டி டிக்கில போட்டுடலாமே. அத எதுக்கு ஊதின பலூன் மாதிரி கார் தலைல ஏத்தின?

— நல்லா கேளுங்க அண்ணி. ஏரிக்கரைல நானும் இதேதான் கேட்டேன்.

— காத்த இறக்கறது சும்மாவா? மறுபடி அடிக்க வேண்டாமா? காலால மிதிச்சு மிதிச்சு எனக்கு முட்டி கழண்டுடுது. அடுத்த வாரமும் மீன் பிடிக்கப் போறோம். எதுக்கு ரெட்டை வேலை? நாலு பேரு கார் மேல படகு கட்டிட்டுப் போறதில்லையா?

— அவங்க கார் மேல இரும்புக் கம்பி போட்டு அதுல கட்டறாங்க. நம்ம கார் மொட்டை.

— அதனாலதானேடி ஜன்னல் வழியா கட்டினேன்.

— ஜன்னல் வழியாவா?

— ஆமா அண்ணி. கயிறு படகு மேல போயி, ஒரு ஜன்னல் வழியா உள்ள வந்து, எங்க தலைக்கு மேல துணி காயப்போடற கொடி மாதிரி ஓடி, அடுத்த ஜன்னல் வழியா வெளிய போகுது. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. கதவெல்லாம் சாத்திட்டு கட்டினாரு. கட்டி முடிச்சு, கைய தட்டிட்டு, வா போலாம்னு கதவ இழுக்கறாரு, கதவு வரல.

— ஏண்டா வரல?

— எப்படி வரும் அண்ணி? கதவையும் சேத்துல்ல கட்டியிருக்காரு. நாலு கதவையும். அவிழ்த்து, கதவ திறந்து வச்சு, உள்பக்கமா கயிற விட்டுக் கட்டுங்கன்னேன். நேரமாச்சு, ஜன்னல் வழியா ஏறுன்னாரு.

— நீ ஏறினியா?

— ஏறினேன். தலை உள்ள, கால் வெளிய. பக்கத்துல கரண்டியும் பாத்திரமும் கழுவிட்டு இருந்த ஒரு குடும்பமே எழுந்து நின்னு பாத்துச்சு. அந்த வீட்டுப் பெரியவர் வந்து, தள்ளி விடட்டுமாம்மான்னு கேட்டாரு.

— சிரிக்காத அக்கா. உனக்கு இப்ப சிரிப்பு வருதா?

— சிரிக்கலடா. இருமல்.

— அவ கத சொல்ற மாதிரி சொல்றா, நீயும் உச்சு கொட்டற. உள்ள போய் இந்தக் கதையெல்லாம் சொன்னான்னா நான் தெருவுல நிக்க வேண்டியதுதான். சரக்க ஒழுங்கா கட்டாம ஓட்டினான்னு எழுதுவாங்க. கட்டினது நான். ஓட்டினதும் நானா இருந்தா கை கால் ரெண்டும் மாட்டிக்கும். ஓட்டினது இவதான்னா, பொம்பளை, பதட்டம், காத்து, ஏதோ ஆயிடுச்சுன்னு விட்டுடுவாங்க.

— அதுவும் நியாயமாத்தான் படுது. நான் பொதுவாச் சொல்றேன். பொம்பளைனா கொஞ்சம் எரக்கப்படுவாங்க.

— பதட்டம் எனக்கில்ல அண்ணி. ஏரிலேருந்து கிளம்பறப்போ நல்ல வெயில். வெயில்ல படகு கல்லு மாதிரி விறைச்சு நின்னுச்சு, கயிறும் விறைப்பா இருந்துச்சு. பொழுது சாயச் சாய காத்து குளுந்துச்சு. உள்ள இருக்கற காத்து குளுந்தா படகு இளைக்கும். படகு இளைச்சா கயிறு தளரும். எங்க பள்ளிக்கூடத்துல டயருக்கு இதத்தான் சொல்லித் தர்றோம். தலைக்கு மேல பாக்கறேன், கொடி தொய்யுது. தளருது, நிறுத்துங்கன்னேன்.

— ஒரு தடவை சொன்ன.

— பெட்ரோல் போடற இடத்துல சொன்னேன். பாலத்துக்கு முன்னாடி சொன்னேன். பாலத்த தாண்டிச் சொன்னேன்.

— நிறுத்தினா எப்படி இறங்கறது? மறுபடி ஜன்னல் வழியா குதிக்கணும். பெட்ரோல் போடற பையனே பல்ல காட்டினான். அத்தனை வண்டி போற ரோட்டுல நான் தலைகீழா தொங்கணுமா?

— அதுக்குத்தான் நிறுத்தலையாடா? வெக்கப்பட்டுக்கிட்டா?

— வெக்கம் என்ன அக்கா வெக்கம். வீடு பக்கத்துல வந்துடுச்சு. அதான் மூக்குக் கயிற இவ கைல குடுத்திருந்தேனே.

— மூக்குக் கயிறுன்னா?

— படகு முன்பக்கம் ஒரு ரப்பர் கைப்பிடி இருக்கும். அதுல ஒரு கயிறு கட்டி இவ ஜன்னல் வழியா உள்ள விட்டிருந்தேன். மூக்கு எழும்பாம பிடிச்சுக்கோன்னேன். ஒரே ஒரு வேலை. பிடிச்சுக்கறது. அதத்தான் பண்ணல.

— கையாலயா? ஓடற கார்ல, ஒரு படகையா?

— ரெண்டு சுத்து சுத்திப் பிடின்னாரு அண்ணி. சுத்திப் பிடிச்சேன். எனக்கு ஓட்டத் தெரியும், நான் ஓட்டறேன், நீங்க பிடிங்கன்னேன். என் படகு மேல இருக்கறப்போ உன் கைல ஸ்டீயரிங் தர மாட்டேன்னாரு.

— இதெல்லாம் இப்ப எதுக்கு?

— நடந்தத அண்ணி கேட்டாங்க.

— நடந்தது என்னன்னு நான் சொல்றேன். எதிர்ல ஒரு லாரி வந்துச்சு. அது போன வேகத்துல ஒரு காத்து. நீ பயந்து கைய விட்ட. படகு பறந்துது. அவ்வளவுதான் விஷயம்.

— நேத்து ராத்திரிலேருந்து இத எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கீங்க?

— கேட்டவங்ககிட்ட எல்லாம் சொன்னேன். மேல்வீட்டுக்காரன் கேட்டான், சொன்னேன். உன் அண்ணன் கேட்டான், அவன்கிட்டயும் சொன்னேன். உன் தங்கச்சி கைய விட்டுட்டா மச்சான்னேன். அவ சின்ன வயசுலேருந்தே அப்படித்தான், எதையும் கெட்டியா பிடிக்கமாட்டான்னு அவனே சொன்னான்.

— எங்க அண்ணனா?

— பின்ன? உன் ஆளுங்களே சொல்றாங்க.

— விடும்மா. அவன் ஏதோ சொன்னான். நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. கண்ணால பாத்தது நீதான். படகு போனப்ப என்னதான் ஆச்சு?

— மூக்கு எழும்புச்சு அண்ணி. முன்கயிறு வழுக்கிட்டு பின்னாடி போச்சு. மூக்குக் கயிறு ஒண்ணுதான் நின்னுது. கை ஜன்னலோட போய் நசுங்குச்சு. என் கால் பிரேக்க தேடுது. மிதிக்கறேன், மிதிக்கறேன், அங்க வெறும் தரைதான் இருக்கு. பள்ளிக்கூடத்துக் கார்னா அது நின்னிருக்கும். அப்புறம் ஒரு சத்தம், துணி கிழியற மாதிரி. பக்கக் கண்ணாடில பாத்தேன். கண்ணாடி நிறைய படகு. அது நகந்ததும் பின்னாடி வந்த ஸ்கூட்டரு ரோட்டுல படுத்துக் கிடக்கு, ரொட்டி சிதறிக் கிடக்கு.

— ரொட்டி யாவாரியா?

— கடை கடையா ரொட்டி போடறவரு. ஸ்கூட்டர் பின்னாடி பெட்டி கட்டியிருந்தாரு அண்ணி. அவர் ஒழுங்கா கட்டியிருந்தாரு. வண்டி விழுந்தும் பெட்டி அவிழல, மூடிதான் திறந்துடுச்சு. நான் ஜன்னல் வழியா வெளிய விழுந்து அவர்கிட்ட ஓடினேன். கால் இருக்கவேண்டிய பக்கம் இல்ல. என்ன பாத்து, ரொட்டிய ஓரமா எடுத்து வைம்மா, வண்டி ஏறிடும்னாரு. அதத்தான் முதல்ல சொன்னாரு.

— ஐயோ பாவம். தம்பி, நீ என்னடா பண்ண?

— நானும் ஓடினேன்.

— எங்க ஓடினீங்கன்னு சொல்லுங்க.

— நடுரோட்டுல படகு கிடந்துது. இன்னொரு வண்டி வந்து மோதினா?

— ஓரமா இழுத்துப் போட்டீங்க. சரி. அப்புறம் திருப்பிப் போட்டீங்க. அப்புறம் குனிஞ்சு சுத்திச் சுத்தித் தடவிப் பாத்தீங்க, எங்கயாவது ஓட்டை விழுந்திருக்கான்னு. நான் இந்தப் பக்கம் அவர் தலைய மடில வச்சுக்கிட்டு உங்கள கூப்பிடறேன். வரேன் இருன்னு அங்கேருந்து கைய காட்டறீங்க.

— ஏய், வாய மூடு.

— தம்பி.

— பின்ன என்ன அக்கா. என்ன கொலைகாரன் மாதிரி பேசறா. நானா வேணும்னு தள்ளி விட்டேன்? இந்த வயசுல பஸ்ஸ விட்டுட்டு நான் எங்க போய் நிப்பேன்? ராத்திரி கண்ண மூடினா அந்தப் பெட்டிதான் தெரியுது. இவளுக்கு அது தெரியுமா? இவ சின்ன கார்ல நாலு பொம்பளைங்கள ஏத்திக்கிட்டு மைதானத்துல வட்டம் அடிக்கறா. அது போனா போகுது. தையல் மெஷின் இருக்கு, வேற ஏதாவது இருக்கு.

— அந்தப் பொம்பளைங்க வீட்டுல சொல்லாம வர்றாங்க. கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு வர்றாங்க. ஸ்டீயரிங்க தொடவே யோசிப்பாங்க. நான் பக்கத்துல இருக்கேன், என் கால் பிரேக்குல இருக்கு, ஓட்டுங்கம்பேன். அதுக்கப்புறம்தான் வண்டி நகரும். அது எனக்கு வட்டம் இல்லங்க.

— பெரிய சேவை.

— சேவை இல்ல. வேலை. உங்களுக்கு இருக்கற மாதிரி எனக்கும் ஒண்ணு.

— ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. ஏம்மா, நான் பொதுவாத்தான் கேக்கறேன். ஓட்டினேன்னு சொல்ல உனக்கு மனசு வரல. புரியுது. கையில வேற கட்டு. ஓட்டினவளுக்கு உள்ளங்கை எப்படி அறுந்துதுன்னு கேப்பாங்க.

— ஸ்டீயரிங் உரசிச்சுன்னு சொல்லட்டும்.

— ஸ்டீயரிங் முறுக்கு முறுக்கா தடம் போடுமாடா? நேத்து நான்தான கட்டு மாத்தி விட்டேன். கயிறு புரி புரியா பதிஞ்சிருக்கு.

— சரி. சரி. ஓட்டினது நான். ஒத்துக்கறேன். ஒரு படி இறங்கி வரேன், போதுமா? கயிற விட்டது நான்தான்னு மட்டும் சொல்லு. அது பொய்யில்லையே. நீ விட்டது உண்மைதானே? கட்டு சரியாத்தான் இருந்துது, நான் பயத்துல கைய விட்டுட்டேன். இத சொல்ல என்ன கேடு? உன் லைசென்ஸ எவனும் தொடமாட்டான். என் வேலையும் நிக்கும்.

— அதான, இது நல்லாருக்கே. யாருக்கும் நட்டமில்ல. மனுஷி தானே, கை வழுக்காதா? நானா இருந்தா லாரி சத்தத்துக்கே விட்டிருப்பேன்.

— எனக்கு வழுக்கல அண்ணி.

— வழுக்காம படகு எப்படிடி போச்சு? றெக்க முளைச்சா?

— உங்களுக்கு நிஜமாவே தெரியாதாங்க?

— என்ன தெரியாதா?

— நான் நெனைச்சேன், தெரிஞ்சுக்கிட்டுத்தான் பேசறீங்கன்னு. ராத்திரி முழுக்க அப்படித்தான் நெனைச்சு உள்ளுக்குள்ள எரிஞ்சுக்கிட்டு இருந்தேன். தெரியாமத்தான் பேசியிருக்கீங்களா?

— பூடகமா பேசாத. வாத்தியாரம்மா வேலையெல்லாம் வேணாம். விட்டியா இல்லையா?

— அண்ணி, உங்க பக்கத்துல என் பை இருக்கு. திறங்க. தண்ணி பாட்டிலுக்கு அடில.

— இதுவா? என்னம்மா இது, கயிறு மாதிரி... கயிறுதான். அட, முனைல கனமா என்னமோ தொங்குது.

— வெளிய எடுங்க.

— ரப்பர்ல வளைஞ்ச ஒண்ணு. கைப்பிடியா? டேய், படகு கைப்பிடி மாதிரி இருக்குடா. முடிச்சு அப்படியே இருக்கு. முகத்துக்கு நேரா என்ன வாசனை, செருப்பு தைக்கற கடை மாதிரி. அடிப்பக்கம் பூரா மஞ்சளா பசை ஒட்டிக்கிட்டு இருக்கு.

— குடு இங்க.

— செருப்புக்கு ஒட்டற பசைதான் அண்ணி. போன தடவை ஏரில அந்தக் கைப்பிடி பிஞ்சுக்கிட்டு வந்துச்சு. பஞ்சர் கடைல குடுத்து ஒட்டிட்டு வாங்கன்னேன். நானே ஒட்டறேன்னு சமையல் மேடைல வச்சு ஒட்டினாரு. ஒட்டினதுலதான் மூக்குக் கயிற கட்டினாரு. படகு போச்சு. கைப்பிடி என் கைல நின்னுடுச்சு. ஆம்புலன்ஸுக்காரங்கதான் சொன்னாங்க, விரல பிரிம்மா, கயிற விடும்மான்னு. அது வரைக்கும் பிடிச்சுக்கிட்டேதான் இருந்திருக்கேன்.

— தம்பி, என்னடா இது.

— இது... இது எப்ப பையில வச்ச?

— நேத்து.

— நேத்தே காட்டியிருக்கலாம்ல? ராத்திரி முழுக்க நான் கத்தறேன், ஊமை மாதிரி உக்காந்திருந்த.

— கை எப்படி இருக்குன்னு கேட்டிருந்தா காட்டியிருப்பேன். கேப்பீங்க, கேப்பீங்கன்னு இருந்தேன். கட்டு மாத்தறப்பகூட நீங்க படகுக்கு எங்க ரசீதுன்னு அலமாரிய கொடைஞ்சுக்கிட்டு இருந்தீங்க.

— டேய், கேக்கலையாடா நீ? ஒரு வார்த்தை?

— நீ சும்மா இரு அக்கா. அந்தப் போலீஸ்காரர் கைய ஆட்டறாரு பாரு, கூப்பிடறாங்க. இத பாரு. நேரமில்ல. ஓட்டினேன்னு சொல்ல வேணாம். விட்டேன்னும் சொல்ல வேணாம். நீ எதையும் சொல்ல வேணாம், நான் பாத்துக்கறேன். அந்தக் கயிற மட்டும் குடு. சீட்டுக்கு அடில போடறேன். பின்னாடி திரும்பாத. அக்கா, இங்க குடு.

— அண்ணி, எங்கிட்ட குடுங்க.

— நான் யார்கிட்டம்மா குடுப்பேன்.

— பிடிச்சிருந்தவகிட்ட குடுங்க.

— இந்தா. பாத்து, கட்டு மேல படாம வாங்கிக்கோ.

— அக்கா. நீயுமா?

— நான் பொதுவாக்கூட ஒண்ணும் சொல்லலடா.

— சரி, நான் கேட்டே வாங்கிக்கறேன். குடும்மா. கெஞ்சிக் கேக்கறேன்னே வச்சுக்கோ. கயிற விடு. என் வேலை அதுலதான் தொங்குது. விட்டுடு.

— இல்லங்க. இது என் கைலயே இருக்கட்டும். என் பக்கத்துக் கதவ மறிச்ச கைய எடுங்க, இன்னைக்கு அது திறக்கும்.